ஒரே ஆள், ஒரே கிட்டார், ஒரு முழு பேண்ட்: பண்ணைப்புரத்துக்கும் 'தனி இசை'க்கும் என்ன தொடர்பு?

ரீல்ஸை நகர்த்திக்கொண்டே போகும்போது சில வீடியோக்கள் விரலை நிறுத்திவிடும். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். மடியில் சாதாரண மரக் கிட்டார். இடது கை தந்தியில் ஓடும். வலது கை கிட்டாரின் உடம்பைத் தவில் மாதிரி தட்டும். காலடியில் ஒரு சின்னப் பெட்டி. அதை ஒரு மிதி மிதித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் புல்லாங்குழலை எடுப்பார். அவர் கிட்டாரை விட்ட பிறகும் கிட்டார் ஒலித்துக்கொண்டே இருக்கும்!

பாடகர் இல்லை. பல்லவி இல்லை. கையில் நோட்ஸ் தாள் இல்லை. நம்மில் பலருக்கும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இது எந்தப் படத்துப் பாட்டு?"

எந்தப் படத்துப் பாட்டும் இல்லை. அந்த நிமிடத்தில், அந்த இடத்தில் பிறந்த இசை அது. நாளைக்கு அதே ஆள் வாசித்தாலும் அப்படியே வராது. தனி ஒருவர், பல வாத்தியங்கள், முன்கூட்டி எழுதாத இசை. உலகம் முழுக்க இதற்கென்று கலைஞர்களும் ரசிகர்களும் இருக்கிறார்கள்.

இதைத் தேனி மாவட்டத்திலிருந்து பார்த்தால் ஒரு சுவாரஸ்யமான முரண் தெரிகிறது. தமிழ்க் காதுகளுக்குக் கிட்டாரைப் பழக்கியவர்களில் முதன்மையானவர் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஆனால், அந்தக் கிட்டார் தனியாகப் பேசியதை விட, பெரும் இசைக்குழுவுக்குள் ஒரு குரலாகப் பேசியதுதான் அதிகம். ஏன் அப்படி? இன்று அது மாறுமா? விரிவாகப் பார்ப்போம்.

முன்கூட்டி எழுதாத இசை என்றால், மனம்போன போக்கில் வாசிப்பதா?

இல்லை. இது நமக்குப் புது விஷயமும் இல்லை. கர்நாடக இசையில் இதற்குப் பெயர் மனோதர்மம். ஆலாபனை, தானம், நிரவல், கல்பனாஸ்வரம் ஆகிய நான்கும் மேடையிலேயே உருவாகின்றவை. கீர்த்தனை மட்டும்தான் ஏற்கெனவே இருப்பது. ஒரே ராகத்தை ஒரே வித்வான் இரண்டு நாள் பாடினால் இரண்டு ஆலாபனையும் ஒன்றாக இருக்காது. இருந்தால்தான் ரசிகர் முகம் சுளிப்பார்.

நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வாங்க. நையாண்டி மேளத்தில் கரகாட்டக்காரர் அடவை நீட்டினால் தவில்காரர் கூடவே நீட்டுவார். கூட்டம் ஆரவாரம் செய்தால் நாதஸ்வரக்காரர் அதே வரியைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று வருவார். எந்த இடத்தில் முடிப்பது என்று தாளில் யாரும் எழுதி வைப்பதில்லை. கண்ஜாடைதான்.

ஆங்கிலக் கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லி (1930 - 2005) இதைப் பற்றி 1980-ல் ஒரு புத்தகமே எழுதினார். உடனடிப் படைப்பை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, ஒரு மரபின் இலக்கணத்துக்குள் நின்று செய்வது. கர்நாடக, இந்துஸ்தானி, ஜாஸ், ஃபிளமென்கோ எல்லாம் இதில் வரும். மற்றொன்று, எந்த மரபின் இலக்கணத்தையும் முன்கூட்டி ஏற்காமல் செய்வது. ராகம் கிடையாது, தாளம் கட்டாயம் கிடையாது. தந்தி உரசும் சத்தம், மரத்தைத் தட்டும் சத்தம், இடையில் வரும் மௌனம் எல்லாமே இசைக்கான பொருள்தான். 'பரிசோதனை இசை' என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையை.

இலக்கணம் இல்லை என்பதால் இது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. ராகம் என்பது ஒரு சாலை மாதிரி. வழி தவறினாலும் திரும்ப வந்துவிடலாம். சாலையே இல்லாத இடத்தில் ஒவ்வொரு அடியையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். கேட்பவரைக் கூடவே கூட்டிப்போகவும் வேண்டும்.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம், அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் ஜெர்மனியின் கொலோன் நகரில் 1975 ஜனவரி 24-ல் நடத்திய கச்சேரி. அவருக்குக் கொடுக்கப்பட்டது தவறான, சிறிய, சரியாகச் சுதி சேராத பியானோ. மேல் ஸ்தாயி காதைக் குத்தியது. கீழ் ஸ்தாயியில் கனம் இல்லை. ஜாரெட் நடுப்பகுதியிலேயே அதிகம் நின்று, இடது கையில் ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த நொடியிலேயே இசையைக் கட்டினார். அந்தப் பதிவு லட்சக்கணக்கில் விற்றது. வாத்தியத்தின் குறையே இசையின் வடிவத்தைத் தீர்மானித்தது. எழுதி வைத்த இசையில் இது நடக்க வாய்ப்பு குறைவு.

ஒரே ஆள் எப்படி ஒரு குழு ஆகிறார்?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கிட்டாரையே பல வாத்தியமாக்குவது. கிட்டாரில் ஆறு தந்திகள். கட்டைவிரல் கீழ் ஸ்தாயித் தந்திகளில் பேஸ் வாசிக்கும். மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டு வாசிக்கும். உள்ளங்கை, விரல் மூட்டு, நகம் ஆகியவை மரத்தின் வெவ்வேறு இடங்களில் படும்போது வெவ்வேறு தாள ஒலி வரும். துளைக்குக் கீழே தட்டினால் கனமான 'தொம்'. ஓரத்தில் தட்டினால் மெல்லிய 'டக்'. அமெரிக்கரான மைக்கேல் ஹெட்ஜஸ் 1984-ல் வெளியிட்ட 'ஏரியல் பவுண்டரிஸ்' ஆல்பம் இந்தப் பாணிக்கு ஒரு திருப்புமுனை. தந்தியை மீட்டுவதோடு நிறுத்தாமல், இரண்டு கைகளாலும் தட்டி, சுண்டி, அடக்கி அவர் வாசித்ததைக் கேட்டால் ஒரு ஆள் என்று நம்ப முடியாது.

இதில் சுதி மாற்றுவதும் ஒரு முக்கிய உத்தி. கிட்டாரின் வழக்கமான சுதி இ, ஏ, டி, ஜி, பி, இ. இதை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று மாற்றி வாசிக்கும் வழக்கம் 1960-களில் இங்கிலாந்தின் டேவி கிரகாம் மூலம் பரவியது. டி-யை ஆதார ஷட்ஜமாக வைத்து இதைப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. அதாவது, ஆறு தந்தியும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு தம்புராவாகிவிடுகிறது. வெறும் தந்தியை மீட்டினாலே சுதி நிற்கும். அதன்மேல் எந்த ராகத்தின் சாயலையும் தொடலாம். நம்ம காதுக்கு இந்தச் சுதி சட்டென்று ஒட்டுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வழி, லூப் பெடல். காலடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. ஒருமுறை மிதித்தால் வாசிப்பதைப் பதிவுசெய்யும். மறுபடி மிதித்தால் பதிவானதைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கு, அதன்மேல் இன்னொன்று. 1970-களில் ராபர்ட் ஃபிரிப் போன்றவர்கள் இதையே இரண்டு பெரிய டேப் ரெக்கார்டர்களை இணைத்துச் செய்தார்கள். இப்போது அது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 80 அடி என்ற வேகத்தில், 8 அடி கொண்ட ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி. அந்த 6 விநாடிதான் முதல் லூப் என்றால், அதற்குப் பின் வரும் எல்லாமே அந்த அளவுக்குக் கட்டுப்படும். முதல் லூப்பில் கால் ஒரு நொடித் துணுக்கு தாமதமாக மிதித்தால், அந்தப் பிசிறு கச்சேரி முழுக்கச் சுற்றி வரும். எழுதாத இசை என்கிறோம்; ஆனால் முதல் 6 விநாடிக்கு மன்னிப்பே இல்லை!

கொஞ்சம் துணிந்தவர்கள் 8 அடி லூப்பின் மேல் 7 அடி லூப்பைப் போடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டும் விலகிக்கொண்டே போகும். 56-வது அடி முடிந்ததும், அதாவது 42 விநாடியில், இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர்ந்து தொடங்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வையைச் சமத்தில் கொண்டுவந்து போடும்போது கை தட்டுகிறோமே, அதே சுகம்தான் இது.

மூன்றாவது வழி, அடுக்கடுக்காகப் பதிவுசெய்வது. மேடை வேண்டாம், அறை போதும். கிட்டார், புல்லாங்குழல், தாளம் என்று ஒவ்வொன்றாகத் தானே வாசித்துச் சேர்ப்பது. இங்கிலாந்தின் மைக் ஓல்ட்ஃபீல்டு 19 வயதில் இப்படிப் பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்துப் பதிவுசெய்த 'டியூபுலர் பெல்ஸ்' 1973-ல் வெளிவந்தது. அன்று அதற்குப் பெரிய ஸ்டூடியோ தேவைப்பட்டது. இன்று ஒரு லேப்டாப்பும் மைக்கும் போதும்.

பண்ணைப்புரம் இதில் எங்கே வருகிறது?

போடியிலிருந்து தேவாரம் வழியாகக் கோம்பை போகும் சாலையில் இருக்கும் ஊர் பண்ணைப்புரம். 1943-ல் அங்கே பிறந்தவர் ராசய்யா. நமக்கு இளையராஜா.

அவருடைய இசைப் பள்ளி ஒரு பிரசார மேடை. மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் இயக்க மேடைகளில் பாடியவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாவலரின் பாட்டு பெரிதாகப் பேசப்பட்டது. தம்பிகள் அந்தக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். 'பாவலர் பிரதர்ஸ்' என்று பெயர்.

அந்த மேடைகளை இன்றைய கண்ணோடு பாருங்கள். ஆட்கள் குறைவு, பணம் குறைவு. ஒருவரே பல வேலை பார்க்க வேண்டும். பெண் குரல் தேவைப்பட்டால் சிறுவன் ராசய்யாவே பாடுவார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் அன்றைய அரசியலுக்கு ஏற்ற வரிகளைப் போட வேண்டும். கூட்டத்தின் மனநிலை மாறினால் பாட்டும் மாற வேண்டும். 'பல வாத்தியம், உடனடிப் படைப்பு' என்ற சொற்களெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பிழைப்பே அதுதான்.

1968-ல் இளையராஜா சென்னை போனார். வீட்டு ரேடியோவை அம்மா 400 ரூபாய்க்கு விற்று வழியனுப்பிய கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறினார். சலீல் சௌத்ரி போன்றவர்களுக்குக் கிட்டார் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷின் உதவியாளராக இருந்தார். 1976-ல் 'அன்னக்கிளி'. மீதி எல்லோருக்கும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது கிளாசிக்கல் கிட்டார் என்ற பயிற்சி. பாக் எழுதிய ஒரு துண்டைக் கிட்டாரில் வாசிக்க, பேஸ் ஒரு வழியில், நடுக்குரல் ஒரு வழியில், மேல் மெட்டு ஒரு வழியில் போவதை ஒரே ஆள் ஒரே நேரத்தில் காதில் பிடிக்க வேண்டும். அந்தக் காதுதான் பிறகு பேஸ் கிட்டாரைப் பாடகருக்குச் சமமாகப் பேச வைத்தது என்று சொன்னால் மிகையில்லை. 1986-ல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் அர்ப்பணித்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலும், 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்திலும் படம் இல்லை, கதாநாயகன் இல்லை. இசை மட்டும்.

அப்படியானால் அவர் ஏன் 'தனி கிட்டார்' பக்கம் போகவில்லை?

காரணம் அவர் இயல்பிலேயே எழுதுபவர். எந்த வாத்தியம் எந்த இடத்தில் என்ன ஸ்வரம் வாசிக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி, கலைஞர்கள் கையில் கொடுத்து, வாசிக்க வைப்பவர். 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி இந்த வழியின் உச்சம். அத்தனை பேர் வாசித்தாலும் யோசித்தது ஒருவர்.

உடனடிப் படைப்புக்கு நேரெதிர் முனை இது என்று தோன்றலாம். முழுக்க அப்படியும் இல்லை. இயக்குநர் காட்சியைச் சொன்னவுடன் மெட்டு வருவதும், வந்த வேகத்தில் இசைக்குழுவுக்கான குறிப்பு முழுவதையும் எழுதி முடிப்பதும் அவருடைய பழக்கம் என்பதை உடன் பணியாற்றிய பலர் சொல்லியிருக்கிறார்கள். மனோதர்மம் அங்கேயும் இருக்கிறது. அது விரலில் நடக்காமல் பேனாவில் நடக்கிறது.

இன்னொரு காரணம், காலம். 1970-களின் தமிழ்நாட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு பிழைக்க விரும்பும் கிராமத்து இளைஞருக்கு இருந்த பெரிய கதவு சினிமா. தனியாக வாசித்தால் பதிவுசெய்ய ஆள் இல்லை, விற்கக் கடை இல்லை, கேட்க மேடை இல்லை. லூப் பெடலும் யூடியூபும் இல்லாத காலத்தில் தனி இசை என்பது மொட்டை மாடியோடு முடிந்துவிடும்.

சரி, கிட்டாரில் கமகம் வருமா?

கிட்டாரில் தனி ஆலாபனை என்றால் உடனே வரும் ஆட்சேபம் இதுதான். "அது மெட்டு வைத்த வாத்தியம், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே வழுக்க முடியாது" என்பார்கள். ஆனா, வீணையிலும் 24 மெட்டு இருக்கிறதே! அங்கே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் கொண்டு வருகிறார்கள். கிட்டாரிலும் அதே இழுப்பு சாத்தியம். மெல்லிய தந்தி, கொஞ்சம் உயரமான மெட்டு, நிறைய உழைப்பு. இவ்வளவுதான் வேண்டும்.

ராணிப்பேட்டையைச் சேர்ந்த பிரசன்னா இதைச் செய்து காட்டியவர். சென்னை ஐஐடி-யில் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் பயின்றவர். கர்நாடகக் கச்சேரியை முழுக்க கிட்டாரில் செய்வதோடு நிற்காமல், ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பத்தைக் கொடுத்தார். ஆஸ்கர் வென்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்தின் இசையும் அவருடையதுதான். ஐஐடி படிப்பா, கிட்டாரா என்று யோசிப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்த உதாரணம்.

வடக்கில் இன்னொரு வழி. விஸ்வ மோகன் பட் கிட்டாரின் அமைப்பையே மாற்றி, கூடுதல் தந்திகள் பூட்டி, மடியில் வைத்துத் தண்டால் வழுக்கி வாசிக்கும் 'மோகன வீணை'யை உருவாக்கினார். 1992-ல் கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயத்தில் அவரும் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரும் சந்தித்தார்கள். ஒத்திகை இல்லை. சந்தித்த கொஞ்ச நேரத்தில் வாசிக்கத் தொடங்கி, அன்றே பதிவானது 'எ மீட்டிங் பை தி ரிவர்'. 1994-ல் கிராமி விருது கிடைத்தது. எழுதாமல் வாசித்த இசை அது.

வெளிநாட்டு வாத்தியம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டு வந்தார். மாண்டலினை யு.ஸ்ரீநிவாஸ் சிறுவயதிலேயே கர்நாடக மேடை ஏற்றினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? வாத்தியத்துக்குச் சொந்த ஊர் இருக்கலாம். வாசிக்கும் விதத்துக்கு அது விலங்கு அல்ல.

இதில் காசு வருமா? உரிமை யாருக்கு?

தனி இசையில் உண்மையில் பணயம் வைக்கப்படுவது இதுதான்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டவுடன் அந்தக் கிட்டார் தொடக்கம் நினைவுக்கு வரும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் எல்லோர் பெயரும் தெரியும். கிட்டார் வாசித்த ஆர்.சந்திரசேகரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்டூடியோவில் வாசித்த கலைஞர்களின் நிலை நெடுங்காலம் இதுதான்: வந்தார்கள், வாசித்தார்கள், அன்றைய ஊதியத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டு தலைமுறை தாண்டி ஓடினாலும் அவர்கள் பெயர் அட்டையில் ஏறவில்லை.

தனியாக, தானே உருவாக்கி, தானே வாசிப்பவரின் நிலை வேறு. சட்டம் அவருக்கு என்ன சொல்கிறது?

* இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, இசைப் படைப்புக்கு உரிமை வர ஸ்வரக் குறிப்பாக எழுதியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1994-ல் திருத்தப்பட்ட விளக்கம் அப்படி. அதனால் மேடையில் உருவாகி, ரெக்கார்டரில் பதிவான இசைக்கும் அதை வாசித்தவரே இசையமைப்பாளர். அந்த உரிமை அவருடைய வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும்.
* வாசித்த கலைஞர் என்ற முறையில் தனியாக ஓர் உரிமை உண்டு. அது 50 ஆண்டு. 2012 திருத்தம், வணிகப் பயன்பாட்டில் கலைஞர்களுக்கு ராயல்டி உண்டு என்றும் சேர்த்தது.
* ஒலிப்பதிவுக்கு மூன்றாவது உரிமை. இது 60 ஆண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவுக்கு முன்முயற்சி எடுத்து, பொறுப்பேற்றவர்தான் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர். ஒலிப்பதிவு அவருக்குச் சொந்தம். நண்பரோ, உள்ளூர் ஸ்டூடியோவோ, சேனலோ செலவை ஏற்று 'சும்மா வந்து வாசிங்க ப்ரோ' என்று கூப்பிட்டால், அந்தப் பதிவு யாருடையது என்பதை ஒரு பக்கத் தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

தன் பாடல்களின் உரிமைக்காக இளையராஜா பல ஆண்டுகளாக நீதிமன்றப் படி ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதில் யார் பக்கம் நியாயம் என்று விவாதிப்போம். ஆனா, தொடக்கத்தில் போட்ட, போடாத ஒரு கையெழுத்து 40 ஆண்டு கழித்தும் துரத்தும் என்ற பாடத்தில் விவாதம் இல்லை.

வருமானம் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். பாடகரும் வரிகளும் இல்லாத இசைக்கு ஸ்ட்ரீமிங் தளங்களில் கூட்டம் குறைவு. இந்த வழியில் போகும் பெரும்பாலானவர்கள் வகுப்பு எடுப்பது, குறும்படம், விளம்பரம், ஆவணப்படங்களுக்கு இசை கொடுப்பது, சிறிய கச்சேரிகள் என்று பல ஓடைகளைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு உடனே இறங்க இது ஏற்ற துறை அல்ல. வேலையோடு வளர்க்க ஏற்ற துறை.

பழகாத காது இதை எப்படிக் கேட்பது?

வெறும் சத்தமா, இசையா என்ற சந்தேகம் நியாயமானது. இதை மூன்று கேள்விகளில் சோதித்துப் பார்க்கலாம்.

ஒன்று, ஞாபகம். தொடக்கத்தில் வந்த ஒரு சின்னத் துணுக்கு பின்னால் வேறு உருவில் திரும்ப வருகிறதா? வந்தால், வாசிப்பவர் தான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு, தவறு. விரல் வழுக்கி ஒரு பிசிறு விழுந்தால் என்ன செய்கிறார்? மறைக்கப் பதறுகிறாரா, அதையே மறுபடி வாசித்து அர்த்தம் கொடுக்கிறாரா? இரண்டாவதைச் செய்பவர் தேர்ந்தவர்.

மூன்று, மௌனம். லூப் பெடல் இருப்பவர்கள் விழும் பெரிய குழி, அடுக்கிக்கொண்டே போவது. ஐந்தாவது அடுக்குக்குப் பிறகு எல்லாம் கூழாகிவிடும். எப்போது ஓர் அடுக்கை எடுத்துவிடுகிறார் என்று கவனியுங்கள். சேர்ப்பது பெடலின் வேலை. எடுப்பதுதான் கலைஞரின் வேலை.

இயர்போனில் கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் இந்த இசை கைக்குச் சிக்காது. முதல் நாள் 5 நிமிடம் போதும்.

தேனியில் இருந்துகொண்டே செய்ய முடியுமா?

முடியும். ஒரு மரக் கிட்டார், ஒரு போன், காதில் பொறுமை. தொடங்க இவ்வளவுதான் தேவை. லூப் பெடல் வாங்கப் பணம் இல்லையென்றால் போனில் லூப் செயலிகள் இருக்கின்றன. முதலில் பெடலே இல்லாமல், ஆறு தந்தியில் மூன்று குரல் கொண்டுவரப் பழகுவது இன்னும் நல்லது. ச-ப-ச-ம-ப-ச சுதியில் சேர்த்து, ஒரே ராகத்தில் தினம் 10 நிமிடம் நிறுத்தாமல் வாசித்துப் பதிவுசெய்து, மறுநாள் கேட்டுப் பார்க்கலாம். எதை நாம் பழக்கதோஷத்தில் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தைத் தாண்டுவதுதான் உண்மையான பரிசோதனை.

ஊருக்கென்று சில நடைமுறைகளும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பம் கணவாய் வழியாக வரும் காற்று திறந்தவெளியில் மைக்கை விழுங்கிவிடும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். இல்லையென்றால் விடியற்காலையில் பதிவுசெய்யுங்கள். மலைச்சாரல் ஈரத்தில் மரக் கிட்டார் உப்பி, சுதி நகரும். வாசித்து முடித்ததும் உறைக்குள் வைத்து மூடுங்கள். அந்தக் காற்றையே இசையில் ஓர் அடுக்காகச் சேர்க்க விரும்பினால் அதற்கும் தடையில்லை. இந்த இசையில் அது சேர்த்திதான்.

இன்னொன்று, கற்றுக்கொள்ள ஆள் தேடி சென்னைக்குப் போக வேண்டிய அவசியம் முன்பு போல் இல்லை. உறுமியும் தவிலும் வாசிக்கும் பெரியவர்கள் பக்கத்துக் கிராமத்திலேயே இருக்கிறார்கள். உறுமியில் குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது வரும் அந்த உறுமலை, கிட்டாரின் பேஸ் தந்தியில் கொண்டுவர முடியுமா என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தால், வேறு எந்த ஊர்க் கிட்டாரிலும் இல்லாத ஓர் ஒலி கிடைக்கலாம். திருவிழா முடிந்த மறுநாள் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, அந்த இழுப்பு எப்படி வருது?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்புக் கட்டணம் அவ்வளவுதான்.

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய தலைமுறைக்கு ஊரை விட்டுப் போவதுதான் ஒரே வழியாக இருந்தது. இந்தத் தலைமுறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யார் இசையிலும் ஒரு வரியாகக் கரைந்துபோகாமல், தன் பெயரிலேயே 5 நிமிடம் வாசித்து வெளியிட முடியும். "எந்தப் படத்துப் பாட்டு?" என்று யாராவது கேட்டால், "படம் இல்லைங்க, நேத்து சாயங்காலம் வாசிச்சது" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்ததை வாசிக்கலாம்.